மூங்கில் இறாலுக்கும் சாப்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வளர்ப்புப் பிராணிகள் பக்கத்தில் வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்களுக்குச் சில யோசனைகள் வந்திருந்தன. விளக்கு, வடிகட்டி, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: மூங்கில் இறால் இரண்டு வாங்கி விட்டால் தொட்டியை அதுவே சுத்தமாக வைத்துக்கொள்ளும், தனியாகச் சாப்பாடு போட வேண்டியதில்லை என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே வார்த்தையைக் கடையில் ஒருவர் சொல்லி, அதை நம்பி வாங்கி வந்து, இரண்டு இறாலை நான் பட்டினி போட்டுச் சாகடித்திருக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கிற வேலை செய்பவன். ஃபில்டர் கழுவுவதுதான் இருபது வருஷத்துப் பிழைப்பு. தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற இறால் ஒன்று இருக்கிறது என்று மகள் கைப்பேசியில் காட்டியதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கடையில் ஒன்று 12 ரிங்கிட். விரல் நீளம், பழுப்பு உடம்பு, முதுகில் தலையிலிருந்து வால் வரை வெளிறிய கோடு ஒன்று, நாமம் போட்ட மாதிரி. எங்கள் தொட்டி மூன்று அடி. உள்ளே காற்றுக் குமிழி விடுகிற பஞ்சு வடிகட்டி மட்டும்தான், அதனால் தண்ணீரில் ஓட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விட்ட இரண்டாம் நாளிலிருந்து இரண்டும் அடியில் இறங்கி, மணலை முன்னங்கையால் தடவித் தடவி, அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும் நடந்துகொண்டே இருந்தன. “அப்பா, எப்படிக் கூட்டுது பாருங்க” என்றாள் மகள். வந்த விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினோம். கடைக்காரர் சொன்னது உண்மைதான், நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

பசியில் தேடி அலைந்ததைத்தான் நாங்கள் சுத்தம் செய்கிறது என்று நினைத்திருக்கிறோம். இரண்டு மாதத்தில் ஒன்று போனது, அடுத்த மூன்று வாரத்தில் மற்றது. எடுத்துப் பார்த்தபோது ஓடு அப்படியே முழுசாக இருந்தது, உள்ளே சதை வற்றிப்போய் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. கையின் நுனியில் இருந்த முடி மணலில் தேய்ந்து குட்டையாகியிருந்தது. அந்த முடிதான் அதற்குச் சோறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், கொஞ்ச நாள் கழித்து முறையான தொட்டி போட்டு மறுபடி வளர்க்கவும் செய்தேன். சாதாரண இறாலுக்கு முன்கால் நுனியில் கிடுக்கி இருக்கும், அதால் பிடிக்கும், பிய்க்கும். மூங்கில் இறாலுக்கு அந்த இடத்தில் முடிக்கற்றை. முதல் இரண்டு ஜோடிக் கால்களிலும் இப்படி இருப்பதால் ஆக மொத்தம் நான்கு கை. கிடுக்கி அடிவரை பிளந்து இரண்டு விரலாக நிற்கும், விரல் நுனியில் நீள நீளமான முடிகள், அந்த முடிகளிலும் நம் கண்ணுக்குத் தெரியாத பொடி முடிகள். விரலை விரித்தால் எல்லாம் சேர்ந்து விசிறியாக விரியும். ஓடுகிற தண்ணீரில், கல்லின் மேலோ கட்டையின் மேலோ ஏறி நின்று, தடிமனான பின்கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான்கு விசிறியையும் ஓட்டத்துக்கு எதிராக விரித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அடித்து வருகிற இலைத்தூள், பாசித்துணுக்கு, நுண்ணுயிர் எல்லாம் முடியில் மாட்டிக்கொள்ளும். சில நொடியில் ஒரு விசிறி பொத்தென்று மூடி வாய்க்குப் போகும். வாயருகே இருக்கிற சின்ன உறுப்புகள் சீப்பால் வாருகிற மாதிரி முடியை வழித்துத் துகளை எடுத்துக்கொள்ளும், விசிறி திரும்பப் போய் விரியும், அதற்குள் அடுத்த கை வாய்க்கு வந்திருக்கும். ஃபில்டர் கழுவுவதும் சாப்பிடுவதும் இதற்கு ஒரே வேலை. இரவு வேலை முடிந்து வந்து நான் அரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு ஆறிப்போகிறது என்று வீட்டில் கூப்பிடுவது காதில் விழாது.

அதால் எதையும் பிய்க்க முடியாது, கடிக்க முடியாது, தொட்டிக்குள் இருக்கிற வேறு எந்த உயிரையும் தொந்தரவு செய்யத் தெரியாது. தண்ணீர் கொண்டுவந்து தந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை. ஓட்டம் நின்றுபோனால் அதே முடிக்கற்றையால் தரையைப் பெருக்கி, படிந்த துகளை எடுக்கும். ஆற்றில் அதற்கும் பலன் உண்டு, ஏனென்றால் ஆற்றுக் கல்லில் எப்போதும் ஏதாவது படிந்திருக்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றி, மணலை உறிஞ்சிக் கழுவி, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற வீட்டுத் தொட்டியில் என்ன கிடைக்கும்? நாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோமோ அவ்வளவு பட்டினி அதற்கு. இப்போது யாராவது என் மூங்கில் இறால் நாள் முழுக்கத் தரையைத் தடவுகிறது என்று சொன்னால், உடனே சாப்பாடு போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வைத்திருப்பவர்களுக்காக நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் ஒரு பக்கம் சின்ன நீர்ப் பம்ப் ஒன்று, அதன் வாய்க்கு நேரே ஒரு மரக்கட்டை. மேடை போட்டுக் கொடுத்த மாதிரி அதில் ஏறி நின்றுகொள்ளும். ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியோ, மீன் உணவை நன்றாக நுணுக்கிய தூளோ, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பம்புக்கு முன்னால் மெதுவாக விடுகிறேன், காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. தூள் போய்ச் சேர்ந்ததும் விசிறிகளின் வேகம் கூடுவது நன்றாகத் தெரியும். மீனுக்குப் போடுகிற சில மருந்துகளில் செம்பு இருக்கும், அதைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறாலின் ரத்தமே செம்பை வைத்துத்தான் பிராணவாயுவைச் சுமக்கிறது, ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கூடினாலும் அந்த இறாலையே கொன்றுவிடும். அப்புறம் கொசு மருந்து. கொசு, கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற மருந்துகள் இறாலையும் விட்டுவைப்பதில்லை, இரண்டும் தூரத்துச் சொந்தம்தான். டிங்கிக்குப் புகை அடிக்க எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஆள் வருகிற நாளில், நான் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியை ஈரத் துணியால் மூடி, புகை அடங்கி ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகுதான் மறுபடி போடுகிறேன்.

சட்டை உரிக்கிற விஷயமும் பலருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கட்டைக்குக் கீழே என் இறால் செத்துக் கிடந்தது, ஒரு பெருமூச்சு விட்டு வலையால் எடுத்தால் வெறும் ஓடு. கண், மீசை, நான்கு விசிறி முடி உட்பட எல்லாம் அச்சு அசலாக இருந்தது, உள்ளே மட்டும் ஆள் இல்லை. தலைப்பகுதிக்கும் வயிற்றுப்பகுதிக்கும் நடுவே இருக்கிற மூட்டு வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. நிஜ ஆள் இரண்டு நாள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, ஓடு கெட்டிப்பட்ட பிறகு புது முடியோடு வந்து கட்டையில் ஏறியது. அந்த இரண்டு நாளும் அதன் உடம்பு மெத்தென்று இருக்கும், எந்த மீனும் கடித்துவிடலாம், அதனால் ஒளிய இடம் அவசியம். உரித்த ஓட்டையும் உடனே தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து தொட்டியில் இருக்கிற மற்ற இறாலுக்கு உதவும்.

சரி, இது வரைக்கும் தொட்டிக் கதை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இரண்டாவது தடவை வாங்கியதில் ஒன்று பெண். (ஆணுக்கு முன்பக்க நடைக்கால்கள் தடிமன், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.) ஒரு நாள் அதன் வயிற்றுக்கு அடியில் கடுகை விடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் முட்டை. வயிற்றுத் துடுப்புகளால் விசிறிக்கொண்டே வாரக்கணக்கில் சுமந்தது. பிறகு ஒரு மாலை, விளக்கைப் போட்டதும் வெளிச்சத்தின் கீழே தூசி மாதிரி ஏதோ கூடி நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துடித்துத் துடித்து நீந்துகின்றன. மீன் தின்றுவிடுமே என்று குவளையால் மொண்டு தனிப் பாத்திரத்தில் விட்டோம். மகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் பாத்திரத்தைத்தான் பார்ப்பாள். பொடி தூவினோம், பாதித் தண்ணீர் மாற்றினோம், சூடு குறையாமல் பார்த்துக்கொண்டோம். நான்காம் நாள் பாத்திரத்தில் ஒன்றும் அசையவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. தாய் நல்ல தண்ணீரில் வாழ்ந்தாலும் குஞ்சு வளர உப்புத் தண்ணீர் வேண்டும். மலையோடையில் பொரிக்கிற குஞ்சு ஓட்டத்தோடு கீழே இறங்கி, ஆறு கடலோடு கலக்கிற இடத்துக்குப் போய், அங்கே பல தடவை சட்டை உரித்து, இறால் உருவம் வந்த பிறகு, குன்றிமணி அளவு கூட இல்லாத அந்த உடம்போடு ஆற்றை எதிர்த்து நடந்தே மலைக்கு ஏறி வரும். நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. தெலுக் இந்தான் பக்கம் தூண்டில் போட்டுப் பிடிக்கிறோமே ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால், அதற்கும் இதே கதைதான். நன்னீரில் அதன் குஞ்சுகள் ஏன் பிழைப்பதில்லை என்பது நெடுநாள் புதிராக இருந்து, 1961-ல் நம் பினாங்கில், குளுகோர் மீன்வள ஆய்வு நிலையத்தில், ஷாவோ வென் லிங் என்பவர்தான் உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஊடாங் காலா பண்ணை வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் அடிப்படை அந்தக் கண்டுபிடிப்பு. பினாங்கில் நடந்த இது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊடாங் காலாவைக் குஞ்சு பொரிக்க வைத்துப் பண்ணையில் வளர்க்கிறார்கள். மூங்கில் இறாலுக்கு அப்படி ஒரு பண்ணைத் தொழில் வளரவில்லை. கடையில் பிளாஸ்டிக் பையில் தொங்குகிறதே, அநேகமாக ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மலையோடையில் கையாலோ வலையாலோ பிடித்து வந்தது. என் 24 ரிங்கிட்டுக்கு வந்த இரண்டும் கடல் வரை போய்த் திரும்பி ஏறி வந்த உயிர்கள், அவற்றைத்தான் ஓட்டமில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டேன். இதை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை.

இது நம்ம மண்ணுக்குச் சொந்தமான இறால் என்பதையும் உங்கள் பக்கத்தில் யாராவது எழுத வேண்டும். தாய்லாந்து, மலாயாத் தீபகற்பம், இந்தோனேசியா என்று இந்த வட்டாரத்து ஆறுகளில் இருப்பது. 1849-ல் டி ஹான் என்ற டச்சுக்காரர் மொலுக்காத் தீவுகளின் பெயரை வைத்து இதை விவரித்தார், 1983-ல் ஃபென்னர் சேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கென்று அட்டியோப்சிஸ் என்று தனிப் பேரினம் பிரித்தார். கடைகளில் சிங்கப்பூர் இறால், விசிறி இறால், மர இறால் என்று எத்தனையோ பெயர். செர்ரி இறால், அமானோ இறால் என்று விற்கிறார்களே அவையும் இதே குடும்பம்தான், ஆனால் அவை மேய்கிற ஜாதி. மேய்கிற இறாலுக்குச் சொல்கிற யோசனையை வடிகட்டுகிற இறாலுக்குச் சொன்னதில்தான் உங்கள் பக்கத்தில் தவறு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுத்தம் செய்யும் என்பதில் உண்மையே இல்லையா என்றால், ஆற்றில் உண்டு. இதன் உறவுக்கார இறால் ஒன்று, அட்டியா லேனிப்பிஸ் என்று பெயர், கரீபியக் கடலில் இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே காட்டு ஓடைகளில் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. மின்வேலி போட்டு இறாலை வரவிடாமல் தடுத்த கற்களில் சேறு படிந்து மூடிக்கொண்டது, இறால் நடமாடிய கற்கள் சுத்தமாக இருந்தன. அதே ஓடையில் இன்னொரு வகை இறால் உதிர்ந்த இலையைக் கிழித்துத் தின்னும், அது சிந்துகிற தூள் ஓட்டத்தில் வரும்போது விசிறி இறால் பிடித்துக்கொள்ளும். ஒருவர் கை நழுவியது இன்னொருவர் இலையில் விழுகிற கணக்கு. இத்தனையும் ஓடுகிற தண்ணீர், அதில் தீராத சாப்பாடு, கூடப் பெரிய கூட்டம் என்று எல்லாம் இருக்கிற இடத்தில் நடப்பது.

அதே ஊரில் செய்த இன்னொரு ஆய்வை நம் நாட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். எஸ்பிரிட்டு சாந்து என்ற ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு தடுப்புக் கட்டி ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். கடலுக்குப் போகிற வழியில் இறால் குஞ்சுகள் அந்தக் குழாய்க்குள் இழுபட்டு, சராசரியாக 42 விழுக்காடு செத்தன என்று 1999-ல் கணக்குக் கொடுத்தார்கள். மழையில்லாத காலத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட்டால் ஒன்று கூடக் கடலைச் சேராது. அதற்கு அவர்கள் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. குஞ்சுகள் கூட்டமாக மிதந்து போவது பொழுது சாய்ந்து முதல் சில மணி நேரம்தான், அந்த நேரம் மட்டும் பம்பை நிறுத்தினால் பெரும்பகுதி தப்பிவிடும். பம்ப் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டைமர் ஒன்று மாட்டுகிற வேலை அது. பெரிய அணைகளில் இது கூட உதவாது, மேலிருந்து தண்ணீர் வழியாத உயரமான அணைக்கு அந்தப் பக்கம் இறாலே இல்லாமல் போனதையும் அங்கேயே பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் கசிந்து வழிகிற ஈரச் சுவர் இருந்தால் குட்டி இறால் பிடித்து ஏறிவிடும், காய்ந்த சுவரில் என்ன செய்யும்? நம் பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள் வரிசையாக நிற்கின்றன. மலையடிவார ஓடைகளில் தண்ணீர் எடுக்கிற சின்னத் தடுப்புகளும் உண்டு. மழை பெய்தால் தே தாரேக் என்கிற பால் தேநீர் நிறத்தில் ஓடுகிற ஆறுகளைப் பற்றி உங்கள் நாளிதழிலேயே அடிக்கடி படங்கள் வருகின்றன. அந்தச் செய்திகளில் மீனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும், இறாலைப் பற்றி நான் ஒரு முறையும் பார்த்ததில்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: மூங்கில் இறாலுக்கு ஓடுகிற தண்ணீரும் தினமும் தூள் உணவும் வேண்டும், இரண்டும் கொடுக்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் கடைத் தொட்டியில் அது விசிறி விரித்து நிற்கிறதா தரையைத் தடவுகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாங்கட்டும். இன்னொன்று, குடும்பத்தோடு அருவிக்குப் போகிறவர்கள் பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடையில் கழுவ வேண்டாம், பிள்ளைகள் குளிக்க என்று கல்லை அடுக்கித் தண்ணீரைத் தடுத்திருந்தால் கிளம்பும்போது கலைத்துவிட்டு வரட்டும். ஓட்டமாகத் தண்ணீர் போகிற இடத்தில் கல்லுக்கு அடியில் இந்த இறால் இருந்தால், ஒரு முறை பார்த்துவிட்டுக் கல்லை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.

இப்போது என் தொட்டியில் இருக்கிற பெண் இறாலுக்கு வயிற்றில் மறுபடி முட்டை வந்திருக்கிறது. இந்தத் தடவை உப்புத் தண்ணீர்ப் பாத்திரம் தயாராக வைத்திருக்கிறோம். மகள் கடல் உப்பை அளந்து, தினமும் ஒரு புத்தகத்தில் குறித்து வைக்கிறாள்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை தொடங்குகிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திருத்தம் வரும்படி செய்யுங்கள்.

நன்றி.

ஒரு வாசகர்,
ஈப்போ